ஆம்னி வேனுக்கு வீட்டிலேயே சைலன்சர் மாற்றுவது எப்படி

ஆம்னியில் சைலன்சர் ஓட்டையானால் பலரும் சத்தத்தைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். தெருவே திரும்பிப் பார்க்கிறதே என்ற கூச்சம். ஆனால் இந்த வண்டியில் எஞ்சின் உட்கார்ந்திருப்பது முன் இருக்கைகளுக்கு அடியில். கசியும் புகை ஓட்டுநரின் காலடியிலேயே கசிகிறது. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கொஞ்ச தூரம் ஓட்டியதும் தலைவலி, குமட்டல், காரணமில்லாத தூக்கம் என்று வந்தால் வெயிலைக் குறை சொல்வதற்கு முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்.

1984 முதல் 2019 வரை வந்த வண்டி இது. எல்லாவற்றிலும் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின்தான். புகை போகும் பாதையும் எளியது. சிலிண்டர் ஹெட்டில் (எஞ்சினின் மேல்பகுதி) மூன்று சிலிண்டரின் புகையையும் ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்ட், அதிலிருந்து முன்குழாய், பின்னால் சைலன்சர், கடைசியில் வால்குழாய். 2000-க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோல் தெளிக்கும் வகை) இடையில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரும் இருக்கும். கார்புரேட்டர் வண்டியின் முன்குழாய் இதற்குச் சேராது. கடையில் ‘ஆம்னி சைலன்சர்’ என்று மட்டும் சொன்னால் எது கையில் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள்.

முதலில் எது கெட்டது என்று பாருங்கள்

காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். இருக்கையைத் தூக்கி வைத்துக் காது கொடுத்தால், மேனிஃபோல்ட் கேஸ்கெட் (இணைப்பில் கசியாமல் இருக்க இடையில் வைக்கும் தகடு) போயிருந்தால் ‘டிக் டிக் டிக்’ என்று கேட்கும். எஞ்சின் சூடானதும் இரும்பு விரிந்து இந்தச் சத்தம் குறைந்துவிடும். மதியம் பட்டறைக்குக் கொண்டுபோனால் ‘ஒன்றுமில்லையே’ என்று திருப்பி அனுப்புவது இதனால்தான்.

அடுத்து, ஒருவர் தடித்த ஈரத்துணியை மடித்து வால்குழாயை இரண்டு மூன்று விநாடி அடைத்துப் பிடிக்கட்டும். கசிவு இல்லாத வண்டியில் எஞ்சின் திணறும். திணறாமல் ‘உஸ்’ என்று வேறெங்காவது காற்று போனால் அங்கே ஓட்டை. வீட்டில் ஊதும் வசதியுள்ள வேக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, வால்குழாயில் காற்றை ஊதவிட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சைக்கிள் பஞ்சர் பார்ப்பதுபோல் குமிழி காட்டிக்கொடுக்கும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம்.

சைலன்சரின் தகட்டைப் பழைய ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் வெல்டிங் வைத்துப் பயனில்லை, வைத்த இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த மாதம் ஓட்டை விழும். ரப்பர் சுத்தியலால் தட்டும்போது உள்ளே கலகலவென்று உருண்டால் உள்தகடு பிய்ந்திருக்கிறது. அதுவே குழாயை அடைத்துக்கொண்டு, வண்டி மேட்டில் இழுக்காமல் போகும். கன்வெர்ட்டரைத் தட்டும்போது கலகலத்தால் உள்ளே இருக்கும் தேன்கூடு உடைந்துவிட்டது.

சைலன்சர் பெரும்பாலும் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. நீண்ட தூரம் ஓடினால் குழாய் முழுக்கச் சூடாகி ஆவி பறந்துவிடும். பள்ளிக்கூடம், காய்கறிச் சந்தை என்று இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் அது பின்னால் இருக்கும் சைலன்சரில் தண்ணீராகத் தேங்குகிறது. அதற்காகவே பல சைலன்சர்களின் அடியில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். அதிலிருந்து சொட்டுவதைப் பார்த்துப் பயந்து எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைக்காதீர்கள்.

வாங்க வேண்டியவை

பழையதைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாம் கையில் இருக்க வேண்டும். சைலன்சர் ஒன்று, கழற்றப்போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் புது கேஸ்கெட், குழாயைத் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கர் முழு செட், நட்டு போல்ட்டு, ஸ்பிரிங் வாஷர். பழைய கேஸ்கெட் பார்க்க நன்றாக இருந்தாலும் மறுபடி போடாதீர்கள். ஒருமுறை நசுங்கியது மறுபடி அதே அளவுக்கு நசுங்காது. ஹேங்கர் ஒன்று மட்டும் அறுந்திருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். தொய்ந்த பழையதும் விறைப்பான புதியதும் சேர்ந்தால் குழாய் ஒரு பக்கம் சாயும்.

நட்டு போல்ட்டு விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது. இது ஜப்பானிய வடிவமைப்பு. 8 மி.மீ. போல்ட்டுக்கு 12 ஸ்பேனர், 10 மி.மீ. போல்ட்டுக்கு 14 ஸ்பேனர் சேரும். ஹார்டுவேர் கடையில் கிடைப்பதற்கு 13-ம் 17-ம் வேண்டும். தலை அளவு மாறினால் பரவாயில்லை, மரை மாறினால்தான் வம்பு. வண்டியில் 10 மி.மீ. ஸ்டட்டின் (தலையில்லாத, மரை மட்டும் உள்ள போல்ட்டு) மரை இடைவெளி 1.25 மி.மீ., ஹார்டுவேர் கடை நட்டில் 1.5 மி.மீ. இரண்டு சுற்று கையால் ஏறும், பிறகு இறுகும். ‘துருவாக இருக்கும்’ என்று ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் ஸ்டட்டின் மரை போய்விடும். ஆகவே வாகன உதிரிபாகக் கடையிலேயே வாங்குங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு இதற்குப் பெயர் போனது. புதுப்பேட்டையில் பழைய மேனிஃபோல்ட் தேடலாம், ஆனால் பழைய சைலன்சர் வாங்காதீர்கள். வெளியே பெயின்ட் அடித்திருப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

புது சைலன்சரைப் பழையதன் படத்தோடு, முடிந்தால் பழையதோடே, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஃபிளாஞ்சின் (குழாய் முனையில் போல்ட்டு ஏறும் தட்டை விளிம்பு) துளைகளுக்கு இடையே உள்ள தூரம், குழாயின் வெளிவிட்டம், கொக்கிகள் இருக்கும் இடம், மொத்த நீளம் என்று நான்கையும் அளக்க வேண்டும். இரண்டு கம்பெனிப் பொருள்கள் இருந்தால் கையில் தூக்கிப் பாருங்கள். கனமானதில் தகடு தடிமனாக இருக்கும். விலை வித்தியாசம் பெரும்பாலும் அந்தத் தகட்டில்தான்.

கருவிகள்: 10, 12, 14, 17 அளவில் ரிங் ஸ்பேனரும் ஆறு முனை சாக்கெட்டும், நீள எக்ஸ்டென்ஷன், கம்பித் தூரிகை, ஆக்ஸா பிளேடு, உளி, சுத்தியல், துரு இளக்கும் எண்ணெய், செம்பு கிரீஸ், பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை, இரண்டு டன் தாங்கும் ஸ்டாண்டு இரண்டு. பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலைகளை மழித்துவிடும். கண்ணாடி போடாமல் அடியில் படுக்காதீர்கள், துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

முந்தைய நாள் மாலை

வேலையில் பாதி இதுதான். எஞ்சின் ஆறிய பிறகு ஒவ்வொரு நட்டையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, மரையில் இருக்கும் மண்ணை எடுத்துவிட்டு, எண்ணெயை விடுங்கள். இரவு ஒருமுறை, காலையில் ஒருமுறை. டபிள்யூ.டி. 40 எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, ஆனால் ஆழத் துருப்பிடித்த நட்டுக்கு அதைவிடத் துரு இளக்குவதற்கென்றே விற்கும் எண்ணெய் மேல். எதுவும் இல்லாவிட்டால் டீசல். நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் இரண்டு நாள் ஊறவிட்டால்கூட அதிகமில்லை.

வண்டியைத் தூக்குதல்

ஆம்னி பின்சக்கரத்தால் ஓடும் வண்டி. கைபிரேக் பிடிப்பதும் பின்சக்கரத்தில்தான். பின்பக்கத்தைத் தூக்கிய நொடியில் கைபிரேக்கும் பயன்படாது, கியரில் போட்டு வைத்ததும் பயன்படாது. தரையில் இருக்கும் முன்சக்கரங்கள் சும்மா உருளும். அதனால் ஜாக்கியைத் தொடும் முன் இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தரை சிமென்டாக இருக்கட்டும். மண் தரையானால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை.

தூக்கியதும் ஸ்டாண்டைப் பின் ஆக்சில் குழாய்க்கு அடியில், லீஃப் ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் வையுங்கள், பிரேக் பைப் நசுங்காத இடமாகப் பார்த்து. பாடியில் தாங்கு கொடுத்தால் ஆக்சில் கீழே தொங்கிவிடும். அந்த நிலையில் பொருத்திய குழாய், வண்டியை இறக்கியதும் ஆக்சிலில் இடிக்கும். ஸ்டாண்டு வைத்த பிறகு வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடாவிட்டால் மட்டும் உள்ளே போங்கள். வண்டி 800 கிலோதானே என்று ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கியோ படுப்பவர்களைப் பார்க்கலாம். ஹாலோ பிளாக் விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே அடியாகப் பொடியும்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் எங்கே ஓடுகின்றன என்று டார்ச் அடித்து ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எல்.பி.ஜி. வண்டியானால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டுத் தொடங்குங்கள். வண்டி ஓடி நின்றதிலிருந்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

கழற்றுதல்

பின்னாலிருந்து முன்னால் போங்கள். சைலன்சருக்கும் முன்குழாய்க்கும் இடையே உள்ள நட்டுகளை முதலில் இளக்குங்கள். ஹேங்கர்கள் இன்னும் தாங்கிக்கொண்டிருப்பதால் எடை முகத்தில் விழாது. நட்டு அசையவில்லை என்றால் உடனே பலம் கூட்டாதீர்கள். முதலில் இறுக்கும் பக்கம் நூலளவு திருப்புங்கள். ‘டக்’ என்று துரு உடையும் சத்தம் வந்தால் எண்ணெய் விட்டுக் கழற்றும் பக்கம் கால் சுற்று, மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. ஒரே இழுப்பில் எடுக்கப் பார்ப்பவருக்கு ஸ்டட் முறிந்து கையோடு வரும்.

சைலன்சர் பக்கத்து போல்ட்டு முறிந்தால் கவலையில்லை. எப்படியும் தூக்கி எறியப்போவதுதான். வராத நட்டை ஆக்ஸா பிளேடால் அறுத்தோ உளியால் பிளந்தோ எடுங்கள். ஹெட்டில் இருக்கும் மேனிஃபோல்ட் ஸ்டட் விஷயத்தில் அப்படி நடக்கக் கூடாது. ஹெட் அலுமினியம். அங்கே முறிந்தால் ஒரு மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகும். சைலன்சர் மட்டும்தான் கெட்டது என்றால் மேனிஃபோல்ட் நட்டுகளைத் தொடவே வேண்டாம். ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, அதையும் பார்த்துவிடலாம்’ என்ற ஆசை இந்த வேலையில் கூடாது.

கேஸ் கட்டரால் சூடாக்கிக் கழற்றுவது பட்டறையில் பார்த்துப் பழகிய வழி. வீட்டில் வேண்டாம். பெட்ரோல் குழாய் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஸ்டட் முறிந்தேவிட்டால், நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி போதுமானதாக இருந்தால் இரண்டு நட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒன்றோடொன்று இறுக்கி, உள்நட்டைப் பிடித்துத் திருப்பினால் ஸ்டட் வெளியே வரும். தட்டையாக முறிந்திருந்தால் சரியாக நடுவில் பஞ்ச் அடித்து, சிறு டிரில்லில் தொடங்கிப் பெரிதாக்க வேண்டும். 8 மி.மீ. மரைக்கு 6.8 மி.மீ. வரைக்கும்தான். கையில் பிடிக்கும் டிரில்லால் படுத்துக்கொண்டு இதைச் செய்வது கடினம். டிரில் முனை மென்மையான அலுமினியம் பக்கம் நழுவும். மனம் திடமில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு லேத்காரரைக் கூப்பிடுங்கள்.

ஆக்சிஜன் சென்சார் இருக்கும் குழாயை மாற்றுவதானால் முதலில் அதன் இணைப்பு வயரைப் பிரியுங்கள். சென்சாரைக் கழற்ற 22 அளவு. வயர் முறுக்கிக்கொள்ளாமல், முனை தரையில் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நட்டுகள் வந்த பிறகு ஹேங்கர்களில் சோப்புத் தண்ணீர் விட்டுக் கொக்கியிலிருந்து நழுவவிடுங்கள். சைலன்சரைப் பிடிக்க அடியில் ஒரு மரப்பெட்டியோ இன்னொரு ஆளோ இருக்கட்டும்.

பொருத்துதல்

பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தைச் சுரண்டி எடுத்து, ஃபிளாஞ்சின் முகத்தை உப்புத்தாளால் தேயுங்கள். அலுமினியம் பக்கத்தில் உளி போடாதீர்கள், ஒரு கீறல் போதும் கசிவதற்கு. மேனிஃபோல்டைக் கழற்றியிருந்தால் அதன் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்காக வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தால் முகம் வளைந்திருக்கிறது, லேத்தில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். அப்படியே போட்டால் மூன்று மாதத்தில் புது கேஸ்கெட்டும் எரிந்துபோகும். கேஸ்கெட் திரும்பத் திரும்பப் போகும் வண்டிகளில் சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் இதுதான்.

இனி இந்த வேலையின் சூட்சுமம்: எல்லாவற்றையும் தொங்கவிட்ட பிறகுதான் இறுக்க வேண்டும். சைலன்சரை முதலில் ஹேங்கர்களில் மாட்டுங்கள். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும், எண்ணெயோ கிரீஸோ தடவினால் ரப்பர் ஊறிப் பிய்ந்துவிடும். பிறகு கேஸ்கெட்டை வைத்து, மரையில் செம்பு கிரீஸ் லேசாகத் தடவி, எல்லா நட்டையும் கையால் இரண்டு மூன்று சுற்று ஏற்றுங்கள். ஸ்பேனர் இன்னும் கீழேயே கிடக்கட்டும்.

இப்போது குழாயை அசைத்து இடம் பாருங்கள். தரைத்தகடு, புரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் எதற்கும் குழாய்க்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். ஆக்சிலுக்கு மேலே இன்னும் கூடுதல் இடம் தேவை, ஆளேறிப் பள்ளத்தில் இறங்கும்போது ஆக்சில் மேலே வரும். ஹேங்கர்கள் நேராகத் தொங்க வேண்டும். ஒன்று சாய்ந்து இழுபட்டால் குழாய் முறுக்கிய நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே இறுக்கினால் ஃபிளாஞ்சின் வெல்டிங்கில் விரிசல் விழும். ‘புது சைலன்சர் ஆறு மாதம்கூட வரவில்லை’ என்று சொல்லப்படும் பல வண்டிகளில் சைலன்சர்மேல் குற்றமில்லை, முன்பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டுப் பின்பக்கத்தை வளைத்து மாட்டியிருப்பார்கள்.

இடம் சரியானதும் எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்குங்கள். ஒவ்வொரு ஃபிளாஞ்சிலும் நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக. மேனிஃபோல்டில் நடுவில் தொடங்கி இரு ஓரங்களுக்கும். இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் மேனிஃபோல்டின் 8 மி.மீ. நட்டுக்கு 18 முதல் 28 நியூட்டன் மீட்டர் போதும். இல்லாதவர்கள் சிறிய ஸ்பேனரை மணிக்கட்டு பலத்தில் இறுக்கி நிறுத்துங்கள். ஸ்பேனரில் பைப் மாட்டி நீளமாக்கி இழுப்பது கழற்றுவதற்கான வித்தை, இறுக்குவதற்கு அல்ல. ஸ்பிரிங் வைத்த போல்ட்டு உள்ள இணைப்பு இருந்தால் ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்வரை இறுக்காதீர்கள், எஞ்சின் ஆடும்போது குழாய் அசைய அந்த இடம்தான் இருக்கிறது.

கேஸ்கெட்டுக்குப் பதிலாகவோ அதன்மேலோ சிவப்பு சிலிக்கான் தடவும் பழக்கம் உண்டு. மேனிஃபோல்ட் சூட்டில் அது நிற்காது. சென்சார் உள்ள வண்டியில் அதன் ஆவி சென்சாரையும் கெடுக்கும். சென்சாரை மாட்டும்போது செம்பு கிரீஸ் மரையில் மட்டும், முனையில் படக் கூடாது.

கன்வெர்ட்டர் உடைந்திருந்தால் அதை எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்துத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். சத்தமும் நாற்றமும் கூடும், புகைச் சோதனையிலும் தேறாது. பாரத் ஸ்டேஜ் (இந்தியாவின் வாகனப் புகை விதி) 2, 3 பெட்ரோல் வண்டிகளுக்குச் சும்மா ஓடும் நிலையில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு 0.3 சதவீதம், ஸ்டேஜ் 2-க்கு முந்தைய வண்டிகளுக்கு 3 சதவீதம். பழைய கன்வெர்ட்டரைக் காயலான் கடையில் இரும்பு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன, அதற்கென்று வாங்குபவர்கள் வேறு விலை தருவார்கள்.

ஸ்டார்ட் செய்த பிறகு

கழற்றிய வெப்பத் தடுப்புத் தகடுகள் திரும்ப ஏறினவா என்று பாருங்கள். காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தும்போது தீப்பிடிக்காமல் காப்பது அவைதான். பேட்டரி வயரை மாட்டி, திறந்த வெளியில், எல்லாக் கதவையும் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் சைலன்சரின் பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு எரிந்து புகையும், நாறும். அதற்கு மேலும் இணைப்பில் புகை வந்தால் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி பாருங்கள். துணியால் அடைக்கும் சோதனையை இப்போது திரும்பச் செய்ய வேண்டும்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தால்கூட வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அதைப் பார்த்து ‘பெட்ரோல் போதவில்லை’ என்று கணக்குச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிவிடும். சைலன்சர் வேலை பார்த்த பிறகு மைலேஜ் குறைந்தால் முதலில் அங்கே சோப்புத் தண்ணீர் விடுங்கள்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, எஞ்சின் ஆறியதும், எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது கேஸ்கெட் சூட்டில் அமுங்கி நட்டு கொஞ்சம் இளகியிருக்கும்.

இந்த வேலையோடு இன்னும் மூன்றைப் பார்த்துவிடலாம். இருக்கைக்கு அடியில் எஞ்சின் மூடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். தரைத்தகட்டில் துருவால் விழுந்த ஓட்டைகளை அடையுங்கள். வால்குழாய் பாடியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டியிருக்க வேண்டும், உள்ளே நின்றால் புகை வண்டிக்கு அடியிலேயே சுழலும். கட்டில், பைப் என்று நீளமான சாமான் ஏற்றிப் பின்கதவைத் திறந்து கட்டிக்கொண்டு போகும்போது, ஓடும் வேகத்தில் வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று அந்தப் புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சைலன்சர் புதிதாக இருந்தாலும் இது நடக்கும். அப்படிப் போயே ஆக வேண்டுமென்றால் முன் கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.